கல்யாணப் பத்திரிகையை வைத்துப் பிரெஞ்சு உறவுச் சொற்களைப் படிப்பது எப்படி?

உங்கள் வீட்டு பீரோவில் பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றாவது கிடக்கும். அதைத் தேடி எடுங்கள். சொந்த வீட்டுப் பத்திரிகையாக இருந்தால் ரொம்ப நல்லது. பிரெஞ்சில் உறவுமுறைச் சொற்களைப் படிக்க அதைவிட வசதியான பாடப்புத்தகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.

சேலம் அஸ்தம்பட்டியில் வீட்டு மாடியில் பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். வருகிறவர்கள் இரண்டு வகை. பிளஸ் டூவில் மார்க்குக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் ஒரு பக்கம். மகளோ மகனோ பிரான்ஸில் வேலை பார்ப்பதால் அங்கே போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வரப்போகிற அம்மாக்கள் இன்னொரு பக்கம். இரண்டு கூட்டமும் தடுக்கி விழுவது இந்தக் குடும்பப் பாடத்தில்தான். புத்தகத்தில் இருக்கிற குடும்பத்தில் அப்பா, அம்மா, ஒரு பையன், ஒரு பெண், ஒரு நாய். சேலத்தில் எந்தக் குடும்பம் இதோடு முடிகிறது? தாய்மாமன் பெயரை விட்டுவிட்டுப் பத்திரிகை அடித்துப் பாருங்கள், தெரியும்.

ஆகவே பத்திரிகையில் இருக்கிற ஒவ்வொரு பெயரையும் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். ஒரு தாளில் அந்த ஆளின் பெயர், நீங்கள் கூப்பிடும் முறை, பக்கத்தில் பிரெஞ்சுச் சொல். அவ்வளவுதான் முறை. அட்டவணையை மனப்பாடம் செய்கிறவர்களுக்கு ‘ஓங்க்ள்’ என்பது ஒரு சொல். உங்களுக்கு அது செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிற மாமாவின் முகம். முகத்தோடு ஒட்டிய சொல் சீக்கிரம் போகாது.

முதலில் வீட்டுக்குள் இருப்பவர்களை முடித்துவிடலாம். அப்பா பேர், அம்மா மேர், சகோதரன் ஃப்ரேர், சகோதரி ஸெர், மகன் ஃபீஸ், மகள் ஃபீய், கணவன் மாரி, மனைவி ஃபாம். இவற்றில் சிலதைத் தமிழே நமக்குப் பிடித்துக் கொடுக்கிறது. நம் இனிஷியல் அப்பா பேர்தானே, அதனால் பேர் என்றால் அப்பா. ஃபீஸ் கட்டுவது மகனுக்கு. ‘மகளுக்குக் கட்டமாட்டீர்களா’ என்று ஒரு மாணவி கேட்டாள். நியாயமான கேள்வி, ஆனால் அந்தச் சண்டை போட்ட பிறகு அவள் அந்தச் சொல்லை மறக்கவே இல்லை. கோட்டை மாரியம்மனைக் கும்பிட்டு வளர்ந்தவர்களுக்கு மாரி என்றால் புருஷன் என்று ஏற்றுக்கொள்ள மனசு வராது. பரவாயில்லை, அந்தச் சங்கடமே சொல்லை நிறுத்திவிடும்.

உச்சரிப்பில் இரண்டு மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். ஃபீஸ் என்ற சொல்லை எழுதும்போது நடுவில் ஓர் எல் வரும், அது வாயில் வராது. ஃபீய் என்பதில் இரண்டு எல் உண்டு, இரண்டும் சேர்ந்து ‘ய்’ ஆகிவிடும். ஃபாம் என்ற சொல்லில் எழுத்தைப் பார்த்து ‘ஃபெம்’ என்று படிக்காதீர்கள். ஸெர் என்று நான் எழுதியிருப்பது சுமாரான எழுத்துத்தான்; ‘ஏ’ சொல்லும் நாக்கை அப்படியே வைத்துக்கொண்டு உதட்டை ‘ஓ’ போலக் குவியுங்கள், அந்த ஒலி வரும். ‘ர’ நாக்கு நுனியில் உருளாமல் தொண்டையில் உரச வேண்டும். அது வராவிட்டாலும் கவலைப்படாதீர்கள், நம்முடைய ர-வைச் சொன்னாலும் அவர்களுக்குப் புரிகிறது. மாறாக, பிரெஞ்சின் தகரமும் பகரமும் நமக்கு அல்வா. மூச்சுக்காற்று வராத சுத்தமான த, ப. ஆங்கிலம் பேசும் நாட்டுக்காரர்கள் திணறுகிற இந்த இடத்தில் சேலத்துப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்தே சரியாகச் சொல்கிறார்கள்.

அந்தச் சுத்தமான ஒலிதான் அடுத்த வம்புக்கும் காரணம். செல்லமாகக் கூப்பிடும் சொற்களைப் பாருங்கள். அப்பாவைக் குழந்தைகள் பாப்பா என்று கூப்பிடுவார்கள். அம்மா மாமான், கடைசி ‘ன்’ மூக்கில் கரைந்துவிடும். பாட்டி மாமி. அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோரும் தாத்தா. ஆமாம், தாத்தா, அல்லது தாத்தி. தாத்தாவுக்குப் பாப்பி. மாமா, சித்தப்பா வகையறாவுக்கு தோந்தோன். ‘பாப்பா ஏ மாமான் ஸோன் ஷே மாமி’ என்று ஒரு பிரெஞ்சுக் குழந்தை சொன்னால் நம் காதுக்கு ஏதோ குழந்தையும் தாய்மாமனும் மாமி வீட்டுக்குப் போன கதை மாதிரி இருக்கும். அர்த்தம்: அப்பாவும் அம்மாவும் பாட்டி வீட்டில் இருக்கிறார்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து ஓர் அம்மா மகள் பிரசவத்துக்காகப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் குழந்தையைக் கொண்டுவந்து, இவரைக் காட்டி, குழந்தையிடம் ‘வுவாலா மாமி’ என்றிருக்கிறார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. ‘நான் பெத்த பொண்ணோட குழந்தைக்கு நான் மாமியா? அம்மாயி!’ என்று தமிழிலேயே சண்டை போட்டாராம். மகள் சிரித்துத் தையல் பிரிந்துவிடுமோ என்று பயந்துவிட்டாள். திரும்பி வந்து என்னிடம் சொல்லும்போதும் அந்த அம்மாவுக்கு முழுசாகச் சமாதானம் ஆகவில்லை.

இந்த நான்கையும், அதாவது பாப்பா, மாமான், மாமி, தாத்தா, ஒரே நாளில் சேர்த்துப் படிக்க வேண்டும். தனித்தனியாகப் படித்தால் தமிழ் அர்த்தம் உள்ளே நுழைந்துவிடும். மேலே சொன்ன வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லிப் பழகுங்கள்.

இனி பத்திரிகையின் அடுத்த பக்கம். இங்கேதான் நிஜமான வேலை. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன், அத்தை வீட்டுக்காரர் ஆகிய நான்கு பேருக்கும் பிரெஞ்சில் ஒரே சொல்: ஓங்க்ள். அத்தை, பெரியம்மா, சித்தி, மாமி நால்வருக்கும் தாந்த். அவர்கள் பிள்ளைகள் அத்தனை பேரும் பையனானால் கூஸேன், பெண்ணானால் கூஸீன். தமிழில் ஓர் உறவைச் சொல்ல அப்பா பக்கமா அம்மா பக்கமா, மூத்தவரா இளையவரா, கட்டிக்கொள்ளும் முறையா இல்லையா என்று மூன்று கேள்விக்குப் பதில் வேண்டும். பிரெஞ்சு இவற்றைக் கேட்பதில்லை. ஆணா பெண்ணா, ரத்தமா கல்யாண வழியா என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. லூயி துய்மோன் என்ற பிரெஞ்சு மானிடவியலாளர் 1950-ஐ ஒட்டி மதுரைப் பக்கம் பிரமலைக் கள்ளர் ஊர்களில் தங்கி, நம் முறைச் சொற்கள் எல்லாம் யார் யாரைக் கட்டலாம் என்ற கணக்கைச் சுமந்து நிற்கின்றன என்று விரிவாக எழுதினார். நம் அப்பத்தாக்களுக்கு அது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம்.

என் மாணவர்கள் முதலில் கேட்பது, ‘தாய்மாமனுக்குச் சரியான பிரெஞ்சுச் சொல் என்ன?’ அந்தத் தேடலை விட்டுவிடுங்கள். ஒற்றைச் சொல் இல்லை. அதற்குப் பதில் ‘த’ என்ற சின்னச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். நம் ‘உடைய’ அது. ல ஃப்ரேர் த மா மேர்: என் அம்மாவுடைய சகோதரன். லா ஸெர் த மோன் பேர்: என் அப்பாவுடைய சகோதரி, அத்தை. இந்த ஒரு கருவியால் பத்திரிகையில் இருக்கிற எவரையும் சொல்லிவிடலாம். சம்பந்தி என்று பிரெஞ்சில் ஒரு சொல் கிடையாது. மகளைக் கொடுத்த வீட்டு சம்பந்தி என்றால் லே போ-பாரான் த மா ஃபீய், என் மகளுடைய மாமனார் மாமியார். சகலை என்றால் ல மாரி த லா ஸெர் த மா ஃபாம். நீளமாக இருக்கிறதா? இருக்கட்டும். இப்படி இரண்டு ‘த’ போட்டுச் சொல்லத் தெரிந்தவனுக்குப் பிரெஞ்சு இலக்கணத்தில் பாதி பயம் போய்விடும். சுருக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் ஓங்க்ள் மாதெர்னெல் என்றால் அம்மா பக்கத்து மாமா, ஓங்க்ள் பாதெர்னெல் என்றால் அப்பா பக்கம்.

மூத்தவர் இளையவர் விஷயத்தில் அவ்வளவு வறட்சி இல்லை. அண்ணன் க்ரான் ஃப்ரேர், தம்பி ப்தீ ஃப்ரேர், அக்கா க்ரான்த் ஸெர், தங்கை ப்தீத் ஸெர். பேச்சில் இதுதான். எழுத்தில் எனே, காதே என்று வரும், பெண்ணுக்குக் காதெத். பத்திரிகையில் ஜேஷ்ட குமாரன், கனிஷ்ட குமாரன் என்று அச்சடிக்கிறோமே, அந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். கடைக்குட்டிக்கு பேன்ழாமேன் என்று தனிச் சொல்லே உண்டு. பைபிளில் யாக்கோபின் கடைசி மகன் பென்யமீன் பெயரிலிருந்து வந்தது.

இங்கே ஒரு எச்சரிக்கை. சித்தப்பா பையனை நாம் தம்பி என்கிறோம். பிரெஞ்சில் அவனை ஃப்ரேர் என்று சொன்னால் ஒரே அம்மா அப்பாவுக்குப் பிறந்தவன் என்று எடுத்துக்கொள்வார்கள். விசா படிவத்தில் அப்படி எழுதினால் பிறப்புச் சான்றிதழோடு பொருந்தாது, வீண் குழப்பம். கஸின் பிரதர் என்று நாம் ஆங்கிலத்தில் சொல்லிப் பழகிய பாதி வழிச் சொல்லும் அங்கே இல்லை. கூஸேன், அவ்வளவுதான். அதேபோல் கடைக்காரரை அண்ணா, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரை அக்கா என்று கூப்பிடுகிற பழக்கத்தையும் விமானம் ஏறும்போது விட்டுவிட்டுப் போங்கள். அங்கே மெஸ்யே, மதாம். விதிவிலக்கு கன்னியாஸ்திரிகளும் பாதிரியார்களும்: மா ஸெர், மோன் பேர். சேலத்தில் க்ளூனி பள்ளியில் படித்தவர்களுக்கு இது சுலபம். அந்தப் பள்ளியை நடத்துகிற கன்னியாஸ்திரிகள் சபையே 1807-இல் பிரான்ஸில் தொடங்கியதுதான்.

அத்தை மகனையோ மாமா மகளையோ கட்டியவர்கள் இரண்டு உறவையும் சேர்த்துச் சொன்னால் எதிரில் இருப்பவர் புருவம் உயரும். கூஸேன் முறையில் கல்யாணம் செய்வதைப் பிரெஞ்சுச் சட்டம் தடுக்கவில்லை, வழக்கத்தில் அபூர்வம். அக்கா மகளைக் கட்டுவது அங்கே சட்டப்படி தடை. தாய்மாமனைக் கட்டியவர்கள் ‘மோன் மாரி’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போவது நல்லது. காபி குடிக்க வந்த இடத்தில் மானிடவியல் வகுப்பு எதற்கு?

கல்யாண வழி உறவுகள் ‘போ’, ‘பெல்’ என்று தொடங்கும். மாமனார் போ-பேர், மாமியார் பெல்-மேர். மச்சான், கொழுந்தன், சகலை எல்லோரும் போ-ஃப்ரேர். நாத்தனார், கொழுந்தியாள், அண்ணி, ஓரகத்தி எல்லோரும் பெல்-ஸெர். மருமகன் ழாந்த்ர், மருமகள் பெல்-ஃபீய். (ழ என்று எழுதுவது புதுச்சேரிக்காரர்கள் வழக்கம், நம் ழ இல்லை, ‘ஷ’வைத் தொண்டை அதிரச் சொல்வது.) மருமகளுக்குப் பழைய சொல் ஒன்று உண்டு, ப்ரு. ஏற்காட்டுக் காபித் தோட்டத்துப் பக்கத்திலிருந்து வருகிற பிள்ளைகள் காபிப் பொடி பாக்கெட்டை நினைத்துச் சிரிப்பார்கள். போ-பேர் என்ற சொல்லில் ஒரு சிக்கல்: அம்மாவின் மறுமணத்தால் வந்த அப்பாவுக்கும் அதே சொல். பேசுகிறவர் சின்னப் பையனாக இருந்தால் பெரும்பாலும் இரண்டாவது அர்த்தம். பெல்-மேர், பெல்-ஃபீய் ஆகியவற்றுக்கும் இதே கதைதான்.

பேரன் ப்தீ-ஃபீஸ், பேத்தி ப்தீத்-ஃபீய். அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளைகள் நெவெ, நியேஸ். எழுத்தில் தாத்தா க்ரான்-பேர்; கொள்ளுத்தாத்தாவுக்கு அதன் முன்னால் ஆரியேர் சேர்த்து ஆரியேர்-க்ரான்-பேர். எள்ளுத்தாத்தா வேண்டுமானால் இன்னொரு ஆரியேர்.

என், உன், அவன் விஷயத்துக்கு வருவோம். மோன் பேர், மா மேர், மே பாரான். ஆணுக்கு மோன், பெண்ணுக்கு மா, பலருக்கு மே. ஆனால் அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் பெண்ணுக்கும் மோன் வரும்: மனைவியை எபூஸ் என்று மரியாதையாகச் சொன்னால் ‘மோ-நெபூஸ்’. பிள்ளைகள் அதிகம் தப்பு செய்வது ஸோன், ஸா என்ற இடத்தில். ‘ஸோன் பேர்’ என்றால் அவனுடைய அப்பாவா அவளுடைய அப்பாவா என்று தெரியாது. யாருடையது என்பதைப் பிரெஞ்சு பார்ப்பதில்லை. அப்பா ஆண், அதனால் ஸோன். தமிழில் அவன், அவள் என்று பிரித்தே பழகியவர்களுக்கு இது கொஞ்ச நாள் உறுத்தும். தேர்வில் ‘அவளுடைய அப்பா’ என்று கேட்டால் ‘ஸா பேர்’ என்று எழுதி மார்க்கை விடுகிறவர்கள் நிறைய.

சரி, எப்படி மனப்பாடம் செய்வது? வாரக் கடைசியில் ஏற்காட்டுக்கு வகுப்பெடுக்கப் போவேன். அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை. அந்த இருபதுக்கும் பத்திரிகையிலிருந்து இருபது பேரை நிரந்தரமாக உட்காரவைத்துவிடுங்கள். முதல் சில வளைவுகள் சொந்த வீடு. அதற்கு மேல் அப்பா பக்கம், அப்புறம் அம்மா பக்கம், கடைசியில் புகுந்த வீடு. பஸ் வளைவில் திரும்பும்போது அந்த ஆளைப் பற்றி ஒரு முழு வாக்கியம் சொல்ல வேண்டும். சொல் மட்டும் போதாது. ‘மா தாந்த் ஆபித் ஆ ஆத்தூர்’, என் அத்தை ஆத்தூரில் குடியிருக்கிறார், இப்படி. உரக்கச் சொல்ல வெட்கமானால் உதட்டை அசைத்தால் போதும். இறங்கும்போது இருபதிலிருந்து ஒன்றுக்குத் தலைகீழாக வாருங்கள், ஆனால் இந்தத் தடவை மனசில் பிரெஞ்சுச் சொல்லை முதலில் நினைத்து அதற்குள் வரக்கூடிய தமிழ் உறவுகளை எல்லாம் அடுக்குங்கள். பெல்-ஸெர் வந்தால் நான்கு பேராவது வர வேண்டும். தலைசுற்றல் வாந்தி உள்ளவர்களும் வண்டி ஓட்டுகிறவர்களும் இதைச் செய்ய வேண்டாம். குப்பனூர் வழியாகப் போகிறவர்களும் மலையேறாதவர்களும் தினமும் போகும் டவுன் பஸ் நிறுத்தங்களை வைத்துக்கொள்ளலாம்.

தெல்ஃப் ஆ-1 என்ற தொடக்க நிலைப் பிரெஞ்சு மொழித் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இந்தப் பயிற்சி நேரடியாக உதவும். வாய்மொழித் தேர்வின் முதல் பகுதியில் உங்களைப் பற்றியும் குடும்பத்தைப் பற்றியும் கேட்பார்கள். வீட்டில் எத்தனை பேர், யார் யார், என்ன வேலை, என்ன வயது. வயதுக்கு ‘இருக்கிறார்’ என்ற வினையைப் போடாதீர்கள். ‘இல் ஆ சேன்கான்த்-த்யே-ஸான்’, அவருக்கு 52 வயது. பிரெஞ்சில் வயதை ‘வைத்திருக்கிறார்’. ஆங்கிலம் வழியாக யோசித்தால் தப்பும். காலமானவர்களைப் பற்றிச் சொல்ல ‘இல் ஏ தேஸேதே’. பத்திரிகையில் லேட் என்று போட்டிருக்கிற ஆட்களுக்கு அதை எழுதிப் பழகுங்கள். சிநேகிதனைப் பற்றிப் பேசும்போது ‘மோன் கோபேன்’ என்றால் காதலன் என்று ஆகிவிடும், சும்மா நண்பன் என்றால் ‘ஆன் கோபேன்’. பிளஸ் டூ பிள்ளைகள் இந்த இடத்தை மட்டும் ஒரே தடவையில் படித்துவிடுகிறார்கள், ஏனென்று தெரியவில்லை.

நீ, நீங்கள் விஷயத்தில் அம்மாக்களுக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. பிரெஞ்சில் நீ என்பது த்யு, நீங்கள் என்பது வூ. அங்கே பிள்ளைகள் அப்பாவையும் தாத்தாவையும் த்யு என்றுதான் பேசுவார்கள். பேரன் உங்களை த்யு போட்டால் மரியாதை கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, நெருக்கம். நீங்கள் அவனுக்கு வூ போட்டால்தான் முகம் சுருங்கும். சம்பந்தியிடமும் மருமகனின் நண்பர்களிடமும் முதலில் வூ. அவர்களாக த்யு-வுக்கு மாறினால் நீங்களும் மாறிக்கொள்ளுங்கள். மாமனாரிடம் எதைச் சொல்வது என்பது வீட்டுக்கு வீடு மாறும், மருமகளைக் கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

படிவம் நிரப்புவதற்கு மட்டும் தனியாக ஐந்தாறு சொற்கள் வேண்டும். லியான் த பாரான்தே என்ற கட்டத்தில் உங்களுக்கும் அந்த ஆளுக்கும் என்ன உறவு என்று எழுத வேண்டும். கோன்ழுவேன் என்றால் கணவன் அல்லது மனைவி. ஸித்துவாஸியோன் த ஃபாமீய் கட்டத்தில் ஸெலிபாதேர் என்றால் கல்யாணமாகாதவர், மாரியே ஆனவர், திவோர்ஸே விவாகரத்து ஆனவர், வெஃப் மனைவியை இழந்தவர், வெவ் கணவனை இழந்தவர். பாக்ஸே என்றும் ஒன்று இருக்கும். 1999-இல் வந்த சட்டப்படி கல்யாணம் செய்யாமல் பதிவு செய்துகொண்டு சேர்ந்து வாழ்கிறவர்கள். நமக்கு அது பொருந்தாது, தாண்டிப் போங்கள். பழைய படிவங்களில் பெண்களுக்கு நோன் த ழன் ஃபீய், அதாவது கல்யாணத்துக்கு முந்தைய குடும்பப் பெயர், என்று கேட்டிருக்கும். 2012-இல் பிரெஞ்சு அரசு அதைக் கைவிடச் சொன்னது; இப்போதைய படிவங்களில் நோன் த ஃபாமீய் அல்லது நோன் த நேஸான்ஸ், பிறந்தபோது இருந்த குடும்பப் பெயர், என்று இருக்கும். இனிஷியல் மட்டும் வைத்திருக்கிறவர்கள் இந்தக் கட்டத்தில் யோசித்து நிற்காதீர்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் அப்படியே எழுதுங்கள்.